எப்போது மூடலாம்?

"எப்ப மூடலாம், டீச்சர்?"

பெர்னதெத் டீச்சரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்கு ஐம்பது இருக்கலாம். என் மகனுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

நெல்லித்தோப்பில் மாதா கோயிலுக்குப் பின்னால் அவர் வீடு. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு பிரான்சில் ஒரு சின்ன ஊரில் எட்டு வருடம் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரியிடம் பீர் காய்ச்சப் பழகிக்கொண்டார். கணவர் இறந்த பிறகும் அதை விடவில்லை. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை காய்ச்சுவார். விற்க மாட்டார். தெரிந்தவர்கள் வீட்டுத் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் கொடுப்பார்.

கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"புதுச்சேரியில பீருக்கு வாத்தியார் தேடி வந்த மொத ஆள் நீங்கதான், அண்ணே. தெருவுக்கு ரெண்டு கடை இருக்கே."

"வாங்கிக் குடிக்கிறதுக்கு இல்ல டீச்சர். நானே செய்யணும். பையனுக்குக் கல்யாணம் வருது."

"முப்பது வருஷம் சோடா கம்பெனி நடத்தினவரு நீங்க. சோடா போடுங்களேன்."

அவர் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

ஒன்பது வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி என் கையில் ஒரு பீர் கிளாஸைக் கொடுக்க வந்தார். என் தம்பி சந்தியாகு குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டான். "எங்க அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. சோடா கலக்கச் சொல்லுங்க. அதுல அவரை அடிச்சிக்க ஆளில்ல" என்றான். சம்பந்தி சிரித்தார். சம்பந்தியின் அண்ணன் சிரித்தார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான். என் மனைவி மேரிகூடச் சிரித்தாள். மேரியை அடுத்த வாரமே மன்னித்துவிட்டேன். தம்பியை மன்னிக்கவில்லை.

அன்று அவன் மஞ்சள் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். மேலிருந்து இரண்டாவது பொத்தானைப் போடவில்லை.

அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. இதே ஊரில், உப்பளம் பகுதியில்தான் அவன் வீடு. பூசையில் அவன் வலது பக்கம் உட்கார்ந்தால் நான் இடது பக்கம் உட்காருவேன். மகன் கல்யாணத்தில் என் கையால் காய்ச்சிய பீரை ஊற்ற வேண்டும். தம்பியைக் கூப்பிடக் கூடாது. குடித்தவர்கள் போய் அவனிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் டீச்சரிடம் போனேன்.

"யாருக்கெல்லாம் ஊத்தப் போறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"எல்லாருக்கும். ஒருத்தனைத் தவிர."

"அப்ப அந்த ஒருத்தருக்காகத்தான் காய்ச்சறோம்" என்று சொல்லிவிட்டு, கழுவ வேண்டிய பாட்டில்களைக் காட்டினார்.

முதல் மாதம் முழுக்கப் பாட்டில் கழுவினேன்.

"சோடா பாட்டில் கழுவியே தேஞ்ச கை இது, டீச்சர். எனக்குக் கழுவக் கத்துக்கொடுக்கணுமா?"

"அதனாலதான் இவ்வளவு வேகமாக் கழுவறீங்க. மெதுவா."

இரண்டாவது மாதம் அடுப்புப் பக்கம் விட்டார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவார். வடித்த நீரை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ போட்டுக் கொதிக்க வைப்பார். ஆறியதும் பெரிய சாடியில் ஊற்றி ஈஸ்ட் போடுவார். சாடியின் வாயிலிருந்து ஒரு குழாய் வந்து தண்ணீர்க் கிண்ணத்தில் முங்கியிருக்கும். மறுநாளே அதில் குமிழி வரும். இரவு பகலாகச் சோறு கொதிப்பதுபோல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆறாம் நாள் சத்தம் குறைந்தது. அப்போதுதான் கேட்டேன், எப்ப மூடலாம் என்று.

டீச்சர் அலமாரியிலிருந்து கோடு போட்ட ஒரு கண்ணாடி மிதவையை எடுத்தார். சாடியிலிருந்து கொஞ்சம் பிடித்து, உயரமான கிளாஸில் ஊற்றி, மிதவையை அதில் விட்டார்.

"சர்க்கரை இருக்கிற வரைக்கும் இது உசந்து நிக்கும். ஈஸ்ட் அதைத் தின்னத் தின்னக் கீழ எறங்கும். எந்தக் கோட்டுல நிக்குது, பாருங்க."

பார்த்தேன். ஒரு தாளில் எழுதச் சொன்னார்.

"இப்ப மூடலாமா?"

"நாளைக்கு."

மறுநாள் மிதவை ஒரு கோடு இறங்கியிருந்தது.

"மூடலாமா?"

"நாளைக்கு."

அதற்கு மறுநாள் அரைக் கோடு இறங்கியிருந்தது. இந்த அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, என்னை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு மூன்று நாள் மிதவை ஒரே கோட்டில் நின்றது.

"இப்பதான் பசி அடங்கியிருக்கு. சத்தத்தை நம்பாதீங்க, அண்ணே. குளிர்ந்தாக்கூடச் சத்தம் நின்னுடும்."

மூடுவதற்கு முன் பெரிய பாட்டில் ஒன்றுக்கு ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை போட்டார். ஸ்பூனைத் தலை தட்டித்தான் போட்டார்.

"பசி அடங்கினதுக்கு மறுபடியும் எதுக்குத் தீனி?"

"கொஞ்சமாக் கிளப்பிவிட்டு மூடறோம். அந்தக் கொஞ்சத்துக்கு உண்டான காத்து உள்ளேயே நிக்கும். அதுதான் நுரை."

"ஒன்றரை ஸ்பூன் போட்டா நுரை நல்லா வரும்ல?"

டீச்சர் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெள்ளைத் தழும்பு ஓடியது.

"ஒன்றரை" என்றார்.

நவம்பர் கடைசியில் கல்யாணம். அதற்கு மறுநாள் ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தேதியைத் தள்ள வழியில்லை. நான் மூன்று வாரத்துக்கு முன் என் வீட்டில் சாடியை வைத்தேன். டீச்சர் வந்து பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமே.

நான்காம் நாள் அடைமழை பிடித்தது. ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர்ந்தது. ஐந்தாம் நாள் காலையில் கிண்ணத்தில் ஒரு குமிழிகூட இல்லை.

மிதவையை விட்டுப் பார்த்தேன். டீச்சர் வீட்டில் நின்ற கோட்டுக்கு இரண்டு கோடு மேலே நின்றது. அது அவர் சாடி, இது என் சாடி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மிதவையை விடவில்லை. விட்டால் அது என்ன சொல்லும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

அறுபது பாட்டில். நுரை உயரமாக நிற்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஸ்பூன். தகர மூடியை அழுத்தி மூடி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கினேன்.

சோடாத் தொழிலில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நிரப்பும்போது தாங்கிய பாட்டில் பிறகு வெடிக்காது. சிலிண்டரிலிருந்து காற்றை ஏற்றும்போதுதான் ஆபத்து. அதற்குத்தான் முகத்துக்கு வலை கட்டிக்கொள்வோம். மூடிவிட்டால் தலைக்கடியில் வைத்துத் தூங்கலாம். அந்தக் கணக்கை வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு பாட்டிலும் அசையவில்லை. மேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா? சத்தமே இல்லாம எப்படி நிக்குது."

"உங்களை மாதிரியே" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மழை விட்ட அன்று தம்பியின் மனைவி ரொசாலி வந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியது அன்றுதான்.

"மாமா, அவரு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

"இத்தனை வருஷமா வாய் எங்க போயிருந்துச்சாம்?"

"உங்களைக் கண்டா அவருக்குப் பயம். நீங்க மொறைக்கிற மொறையில பூசையில சாமியாரே பிரசங்கத்தை மறந்துடறாரு."

மேரி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை.

"என்ன பேசணுமாம்?"

"என்கிட்டச் சொல்லல, மாமா. நேர்லதான் சொல்லணுமாம். நாலு நாளா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரச் சொல்லட்டுமா?"

"கல்யாணம் முடியட்டும்."

அவள் மேசைமேல் அடுக்கியிருந்த அழைப்பிதழ்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்ச பிறகா?"

"முடியட்டும்னு சொன்னேன்ல."

மேரி காப்பி கொண்டுவருவதற்குள் ரொசாலி போய்விட்டாள். மேரி டம்ளரோடு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று முழுக்க மனது இனித்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. நன்றாக இனித்தது.

வெயில் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாடிப்படிக்கு அடியில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். எழுவதற்குள் இன்னொன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல் வெடித்தன. எதிரே இருந்த கதவுப் பலகையில் கண்ணாடித் துண்டுகள் குத்திக்கொண்டு நின்றன. பத்து நிமிடத்துக்கு முன்தான் மேரி அங்கே உட்கார்ந்து கூடையிலிருந்து வெங்காயம் பொறுக்கியிருந்தாள்.

நான் செருப்பில்லாமல் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பட்டறைக்காரர்கள் போடும் தோல் கையுறை இரண்டு ஜோடி, கண்ணுக்குப் போடும் கண்ணாடி, ஏழெட்டு கோணிச் சாக்கு எடுத்துக்கொண்டார். போகிற வழியில் மீன் மார்க்கெட்டில் ஐஸ் சொன்னார். மீன்பாடி வண்டியில் நாலு பார் ஐஸ் வந்து இறங்கியது.

சாக்குகளை நனைத்துத் தூரத்தில் நின்றே பாட்டில்கள்மேல் வீசினோம். அதன்மேல் ஐஸை உடைத்துக் கொட்டினோம். அதற்குள் இன்னும் ஆறு பாட்டில் வெடித்தது. சாக்குக்கு அடியில் வெடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மணி நேரம் வாசலில் காத்திருந்தோம்.  சில்லிட்ட பிறகு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்தார். துணியைச் சுற்றி, திறப்பானை வைத்து மூடியின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. நுரை பொங்கி வழிந்தது. அடங்கியதும் வேறு மூடி போட்டு அழுத்தினார். அடுத்ததை என் கையில் கொடுத்தார்.

"மெதுவா. ஒரேயடியாத் தெறந்தா எல்லாம் வெளிய கொட்டிடும். மூடியைத் தூக்கறதும் விடறதுமா இருக்கணும்."

தூக்கினேன். புஸ்ஸென்றது. விட்டேன்.

"இன்னும் ஒரு தடவை. ஒரு தடவையில போகாது."

பத்துப் பாட்டில் முடிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"மூடினப்போ ஒண்ணுமே இல்ல, டீச்சர். ஒரு நாள் முழுக்க வெச்சுப் பார்த்தேன். அசையக்கூட இல்ல. எங்க தொழில்ல, மூடறப்போ உள்ள எவ்வளவு இருக்கோ, பத்து வருஷம் ஆனாலும் அவ்வளவுதான்."

"சோடாவுக்கு வெளியிலேர்ந்து ஏத்துவீங்க. குழாயை எடுத்தா நின்னுடும்."

"ஆமா."

"இதுல ஏத்தறவனையும் உள்ள வெச்சு மூடிட்டீங்க, அண்ணே."

என் கை நின்றுவிட்டது. சாக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் கால்மேல் ஓடியது.

"நிறுத்தாதீங்க. அடுத்தது" என்றார் டீச்சர்.

மாலைக்குள் முடித்தோம். அறுபதில் நாற்பத்தெட்டு மிஞ்சின. அவற்றை மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸோடு வைத்தோம். குளிரில் இருந்தால் இனி ஒன்றும் ஆகாது என்றார். கிளம்பும்போது, "அந்த ஒருத்தரு யாரு?" என்று கேட்டார்.

"தம்பி."

"கூப்பிட்டீங்களா?"

"பேசணும்னு ஆள் விட்டான். கல்யாணம் முடியட்டும்னு சொல்லிட்டேன்."

டீச்சர் கையுறையைக் கழற்றிச் சாக்கின்மேல் போட்டார்.

"இன்னைக்கு மணி ஆறுதானே ஆகுது" என்றார்.

அன்று நான் போகவில்லை. உடம்பெல்லாம் பீர் நாற்றம், குளித்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை பந்தல்காரர் வந்தார். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவன் வீட்டு வாசலில் முதலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் நான் தோற்றுப்போன மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, சித்தப்பா குளிக்கிற இடத்துல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பேச்சு வரல."

போனேன்.

கட்டிலில் அவன் சின்னதாக இருந்தான். வலது கை துணி மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்ததும் கண் பெரிதாகியது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தான். "ம்… ம்…" என்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றான். நெற்றி வியர்த்தது. உதடு ஓரத்தில் எச்சில் வழிந்தது. விடாமல் முயன்றான்.

"போதும், விடுங்க. அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ரொசாலி துடைத்துவிட்டாள்.

அவன் என் மணிக்கட்டை விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது.

எப்படி இருக்கிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்து, "இது தீரப் போகுது, நர்ஸைக் கூப்பிடு" என்று ரொசாலியிடம் சொன்னேன். அவன் பிடி தளர்ந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. பீர் நன்றாக இருந்தது. நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. மகள் வீட்டுச் சம்பந்தி இரண்டாவது கிளாஸ் வாங்கிக் குடித்தார். "நீங்களே செஞ்சதா? நம்பவே முடியலை" என்றார். ஒன்பது வருடமாக நான் கேட்க நினைத்த வார்த்தை அது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை மாலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். காலிப் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒன்றை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். 

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அவன் என்ன சொல்ல வந்திருப்பான்?"

டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

"மன்னிச்சிடுன்னு சொல்லியிருப்பானா?"

"இருக்கலாம்."

"இல்ல, என்னைத் திட்டறதுக்குக் கூப்பிட்டானா? ஒம்பது வருஷம் மொறைச்சதுக்கு?"

"அதுவும் இருக்கலாம்."

"கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுண்ணேன்னு கேட்டிருப்பானோ என்னவோ. அவ்வளவுதானோ என்னவோ."

டீச்சர் பாட்டில் தூரிகையைத் தண்ணீரில் அலசினார்.

"இனிமே பேச்சு வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியலையாம். அது என்னன்னு எனக்குத் தெரியாமலே போயிடும், டீச்சர்."

"ஆமா. போயிடலாம்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் அடுத்த பாட்டிலை எடுத்துக் கழுவி முடித்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குக் காது கேக்குதா?"

"கேக்குது. சொல்றதெல்லாம் புரியுதுன்னு டாக்டர் சொன்னதா மக சொல்றா."

டீச்சர் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"பேச்சு போனது அவருக்குத்தான், அண்ணே. உங்களுக்கு இல்ல."